லென்ஸைக் குறை சொல்லுமுன் ஃபில்டரைக் கழற்றுங்கள்

“லென்ஸ் போய்விட்டது, சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்” என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “முன்னால் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?” என்பதைத்தான். “யு.வி. ஃபில்டர். கேமரா வாங்கியபோது கடையில் சும்மா கொடுத்தார்கள்” என்பார். புற ஊதாவைத் தடுக்க என்று வந்த அந்தச் சும்மா கொடுத்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் நின்று அதே படத்தை இன்னொரு முறை எடுக்கச் சொல்வேன். பல வழக்குகள் அங்கேயே தள்ளுபடியாகிவிடும்.

லென்ஸுக்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் இரண்டு முகத்திலும் எதிரொளியைக் குறைக்கும் பூச்சு கொடுத்து, மயிரிழை பிசகாமல் அடுக்கி அனுப்புகிறார்கள். அத்தனைக்கும் முன்னால் முந்நூறு ரூபாய்க் கண்ணாடி ஒன்றைத் திருகி வைத்தால், ஒளி முதலில் அதைக் கடந்துதான் உள்ளே போயாக வேண்டும். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சேற்றில் நடப்பது போன்ற காரியம் இது.

“எது நல்ல ஃபில்டர்?” என்று கேட்டால் பிராண்ட் பெயர்தான் பதிலாகக் கிடைக்கும். “என் படத்தில் வரும் இந்தக் கோளாறு எதனால் வருகிறது?” என்று கேட்டால், அடுத்து வாங்கும் ஃபில்டரில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். அதனால் கோளாறிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் மூன்று படம்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். கேமராவை டிரைபாடில் நிறுத்துங்கள். எக்ஸ்போஷர் மேனுவல், ஃபோகஸ் மேனுவல், ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. வெயில் என்றோ நிழல் என்றோ ஒன்றில் நிறுத்திவிடுங்கள். ஷட்டரை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். ஃபில்டருடன் ஒரு படம், கழற்றிவிட்டு ஒரு படம், மறுபடி மாட்டி ஒரு படம்.

மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் மேகம் நகர்ந்திருக்கலாம், ஃபோகஸ் வளையத்தில் கை பட்டிருக்கலாம். முதலும் மூன்றும் ஒன்றுபோல் இருந்து, நடுப்படம் மட்டும் தெளிவாக இருந்தால்தான் குற்றம் ஃபில்டருடையது. மூன்றும் ஒன்றுபோல் மோசமாக இருந்தால் ஃபில்டருக்கு விடுதலை. நீங்கள் வேறு இடத்தில் தேட வேண்டும். பளபளப்பை நீக்கச் சுழற்றும் போலரைசருக்கும், ஒளியைக் குறைக்கவே மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி.க்கும் இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது, இரண்டும் ஒளியைக் குறைப்பவை. அந்த அளவுக்கு ஷட்டரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரவுப் படத்தில் விளக்குகளுக்கு எதிரே பச்சைப் புள்ளிகள்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், தைப்பூசத் தெப்பத்தன்று இரவு எடுத்த படம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. நடு மண்டபம் முழுக்க விளக்கு. சட்டகத்தின் கீழ்ப்பாதியில் மண்டபம், மேல்பாதியில் கரிய வானம். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினேன். வானத்தில் இளம்பச்சையாக இன்னொரு மண்டபம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரில் தெரியும் பிம்பம் என்றால் நியாயம் உண்டு. வானத்தில் எப்படி? லென்ஸில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் அதை வெளியே எடுக்கவே இல்லை.

நடந்தது இதுதான். படம் பதியும் சென்சாரின் மேற்பரப்பு பளபளப்பானது. விளக்கின் ஒளி அதில் பட்டதும் ஒரு சிறு பங்கு எதிரொளித்து, வந்த வழியே லென்ஸுக்குள் திரும்பி ஓடுகிறது. லென்ஸின் சொந்தக் கண்ணாடிகள் வளைந்தவை. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் சிதறிப்போய்விடும். ஃபில்டரோ தட்டையானது. அதன் பின்முகத்தில் பட்ட ஒளி முகம் பார்க்கும் கண்ணாடியில் பட்டதுபோல நேராகத் திரும்பி வந்து, படத்தின் மையத்துக்கு மறுபக்கத்தில் இன்னொரு விளக்காக உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் அது தலைகீழாகவும், ஓரளவு கூர்மையாகவும் இருக்கிறது.

உறுதி செய்ய ஸ்கேல் போதும். விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்து, அதே தூரம் மறுபக்கம் போங்கள். புள்ளி அங்கேயே இருந்தால் ஃபில்டர்தான். அறுகோணமாகவோ வட்டமாகவோ பெரிய திட்டுகள் வரிசையாகப் போனால் அது லென்ஸின் சொந்த ஃபிளேர், அதாவது அதன் கண்ணாடிகளுக்குள் பட்டுத் திரும்பும் ஒளி; ஃபில்டரைக் கழற்றினாலும் இருக்கும்.

உடனடித் தீர்வு: கழற்றிவிடுங்கள். கார்த்திகை தீபம், தேர், மேடை நாட்டியம் என்று இருட்டுக்குள் வெளிச்சம் இருக்கும் இடங்களில் நான் எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரையும் மாட்டுவதில்லை. நல்ல பூச்சு இந்தப் புள்ளியை மங்கலாக்கும்; அறவே ஒழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

டியூப்லைட் சோதனை

பூச்சு நல்லதா என்று பார்க்கப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துப் பயனில்லை. கறுப்புத் துணி ஒன்றை மேசையில் விரித்து அதன்மேல் ஃபில்டரை வையுங்கள். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டின் பிம்பம் கண்ணாடியில் விழும்படி சாய்வாகப் பாருங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு பிம்பம் தெரியும்: ஒன்று முன்முகத்துடையது, மற்றது பின்முகத்துடையது.

இரண்டும் டியூப்லைட்டைப் போலவே பளீரென்ற வெள்ளையாக இருந்தால் பூச்சே இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் இதற்கும் வளையம்தான் வித்தியாசம். பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகத்துக்கும் சேர்த்து 8 போனால், உள்ளே போவது 92. பிம்பம் சற்றே மங்கி, நீலமாகவோ ஊதாவாகவோ இருந்தால் ஒற்றைப் பூச்சு. இருண்ட பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கியிருந்தால் பல அடுக்குப் பூச்சு. ஒரு முகத்தில் திரும்பும் ஒளி அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நல்ல ஃபில்டர் கறுப்புத் துணியின்மேல் வெறும் வளையம் கிடப்பதுபோல் தெரிய வேண்டும்.

ஒரு பிம்பம் பச்சை, மற்றது வெள்ளை என்று இருந்தால் ஒரு முகத்துக்கு மட்டும் பூசி மறுமுகத்தில் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். என் தெப்பக்குளத்து ஃபில்டர் இந்த வகை. பூச்சு இருந்தது முன்முகத்தில்; சென்சாரைப் பார்த்திருந்த பின்முகம் மொட்டைக் கண்ணாடி.

இந்தப் பூச்சு ஒன்றும் புதிய வித்தை அல்ல. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-லேயே இதற்கு வழி கண்டுவிட்டார். ஒளியலையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு கனத்துக்கு ஒரு படலம் பூசினால், அதன் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழியும். ஒரு படலம் ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும்; எல்லா நிறத்துக்கும் வேண்டுமானால் பல படலம். விலை ஏறுவது அங்கேதான்.

கடைக்காரர் கறுப்புத் துணிக்கெல்லாம் இடம் தர மாட்டார். கைப்பேசியின் கறுத்த திரைமேல் வைத்துப் பாருங்கள், போதும். காதருகே வைத்து லேசாக ஆட்டியும் பாருங்கள். கண்ணாடி கடகடவென்று ஆடினால் வாங்க வேண்டாம். போலரைசர் மட்டும் விதிவிலக்கு, அதன் வளையம் சுழல்வதற்காகச் சற்றே தளர்வாக இருக்கும்.

ஹோயா, மாருமி, பி பிளஸ் டபிள்யூ என்று பெயர்களைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே பெயரில் மலிவு வரிசையும் உயர்ந்த வரிசையும் இருக்கலாம், பெயருக்குப் பின்னால் வரும் வரிசைப் பெயரையும் பாருங்கள். போலிகளும் ஏராளம். பி பிளஸ் டபிள்யூ என்றால் கறுப்பு வெள்ளை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1947-இல் பெர்லினில் தொடங்கிய பியர்மான், வேபர் என்ற இருவரின் முதலெழுத்து அது.

படம் முழுக்கச் சோகை பிடித்ததுபோல் வெளுத்திருக்கிறது

எதிர்வெயிலில் மட்டும் வெளுக்கிறதா, எப்போதுமா என்று முதலில் பாருங்கள். எதிர்வெயிலில் மட்டும் என்றால் மேலே சொன்ன பூச்சுக் குறைவுதான். லென்ஸின் முன்னால் நிழல் தரும் ஹூட் மாட்டுங்கள், அல்லது கையால் ஃபில்டரின்மேல் விழும் வெயிலை மறையுங்கள்.

எப்போதும் வெளுக்கிறது என்றால் அழுக்கு. ஃபில்டரின் முன்முகத்தை எல்லோரும் துடைக்கிறார்கள். பின்முகத்தையும், அதற்குப் பின்னால் உள்ள லென்ஸின் முகத்தையும் யாரும் திறந்தே பார்ப்பதில்லை. கழற்றி, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் படலமோ, சிலந்தி நூல்போல் பூஞ்சையோ இருந்தால் தெரியும். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடையுங்கள். கண்ணாடியின்மேல் நேராகச் சொட்டினால் அது வளையத்தின் இடுக்கில் இறங்கிவிடும். சட்டை நுனி, கைக்குட்டை, வேட்டித் தலைப்பு எதுவும் வேண்டாம்.

எத்தனை முறை துடைத்தாலும் விரல்ரேகை இழுபட்டு இழுபட்டுப் பரவுகிறதா? பூச்சின்மேல் நீரும் எண்ணெயும் ஒட்டாத மேலடுக்கு இல்லாத ஃபில்டர் அது. அடுத்த முறை வாங்கும்போது அந்த மேலடுக்கு இருப்பதாகப் பாருங்கள். கடற்கரையில் எடுப்பவருக்கு அதுதான் கொடுத்த காசுக்கு உண்மையான பலன்.

பூஞ்சை கண்டால் அந்த ஃபில்டரைத் தூக்கி எறியுங்கள், பரிதாபம் பார்க்க வேண்டாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸைத் தோல் பையில் மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்ப்பதற்குச் சமம். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள்.

தொலைவில் உள்ளது மட்டும் கூர்மையாக வரவில்லை

18-55 லென்ஸில் பிரச்சினையே இல்லை, 70-300இல் 300க்குப் போனால் பறவையின் இறகு மாவாகக் கரைகிறது. கூந்தன்குளத்துக்குப் போய் நாள் முழுக்க நாரைகளை எடுத்துவிட்டு வருகிறவர்களிடமிருந்து இந்தப் புகார் வரும். ஃபில்டர் கண்ணாடியின் இரு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, அலையில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். அகலக் கோண லென்ஸில் படத்தின் ஒரு புள்ளிக்கு வரும் ஒளி, ஃபில்டரின் சிறு பகுதியைத்தான் கடக்கிறது. அங்கே அலை இருந்தாலும் தெரியாது. தொலைநோக்கு லென்ஸில் ஏறக்குறைய முழுக் கண்ணாடியும் ஒரே புள்ளிக்காக வேலை செய்கிறது. போதாக்குறைக்குப் பிழையும் சேர்ந்து பெரிதாகிறது.

மத்தியானம் தார்ச்சாலைக்கு மேலே இருப்பதை எடுத்துச் சோதிக்காதீர்கள். அங்கே நடுங்குவது காற்று. காலையில், நிழலான சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, பத்துப் பதினைந்து மீட்டரில் நின்று மூன்று படச் சோதனையைச் செய்யுங்கள். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி எழுத்துகளை ஒப்பிடுங்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. பின்னணியில் மங்கிய விளக்குகள் வட்டங்களாக வரும் அல்லவா, அந்த வட்டங்களுக்குள் உழவு சால்போலக் கோடுகள் ஓடினால் கண்ணாடி தட்டையாக இல்லை. இதற்கு மருந்து கிடையாது. தொலைநோக்கு லென்ஸுக்கு ஒன்று முதல்தரமான ஃபில்டர், அல்லது ஃபில்டரே வேண்டாம். அதன் ஆழமான ஹூட்டே நல்ல காவல்.

மூலைகளில் கறுப்பு

லென்ஸை அகலமான கோணத்துக்குக் கொண்டுபோய், துவாரத்தை எஃப் 11-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுங்கள். ஓரம் வெட்டினாற்போல் கறுப்பாக இருந்தால் ஃபில்டரின் வளையம் காட்சிக்குள் நுழைகிறது. மெல்ல மங்கிப்போகும் இருட்டு, அதுவும் துவாரத்தைச் சிறிதாக்கினால் குறைகிறது என்றால் அது லென்ஸின் இயல்பு.

யு.வி. மேல் போலரைசர், அதன்மேல் என்.டி. என்று இட்லிக் கொப்பரைபோல் அடுக்குபவர்களுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு நேரத்தில் ஒன்று. 24 மி.மீ.க்கும் அகலமாக எடுப்பவர்கள் மெல்லிய வளையம் உள்ளதை வாங்குங்கள்; ஆனால் சில மெல்லிய வளையங்களில் முன்பக்க மரை இருக்காது, லென்ஸ் மூடி நிற்காது.

ஃபில்டர் லென்ஸில் உட்காரவே மாட்டேன் என்கிறது

50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. ஃபில்டர் கேட்டு வாங்கிவிட்டீர்கள். அந்த 50 குவியத்தூரம். ஃபில்டர் அளவு, வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் லென்ஸின் முன்வளையத்திலோ மூடியின் உட்புறத்திலோ இருக்கும். கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸுக்கு 49, நிகானின் 50 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸுக்கு 58. பல லென்ஸ் உள்ளவர்கள் போலரைசரையும் என்.டி.யையும் 77 அல்லது 82-இல் ஒன்றே வாங்கி, மற்றவற்றுக்கு அளவு கூட்டும் வளையம் போட்டுக்கொள்ளலாம். ஹூட் மாட்ட முடியாது, அது ஒன்றுதான் குறை.

போலரைசர் சுழல்கிறது, எதுவும் மாறவில்லை

முதல் சந்தேகம், நீங்கள் நிற்கும் திசை. வானத்தில் போலரைசரின் வேலை சூரியனுக்கு 90 பாகையில்தான் உச்சம். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் நீலம் கறுக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எவ்வளவு சுழற்றினாலும் பயனில்லை. தண்ணீரின் பளபளப்பை நீக்க, நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்க வேண்டும். நெல் இலை, ஈரப்பாறை, கடைக் கண்ணாடி எல்லாவற்றிலும் வேலை செய்யும். உலோகத்தில் செய்யாது. கல்யாணப் படத்தில் போலரைசரைப் போட்டு, பட்டின் மினுமினுப்பைக் கொன்றுவிட்டு, நகை மட்டும் முன்போலவே கண்ணைப் பறிப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது சந்தேகம், அது போலரைசர்தானா? மடிக்கணினியின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஃபில்டரின் முன்முகம் திரையைப் பார்க்கும்படி பிடித்து, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை கன்னங்கரேலென்று இருள வேண்டும். ஊதா, பழுப்பு என்று ஒளி கசிந்தால் உள்ளே இருக்கும் படலம் மட்டம். அசையாமல் ஒரே மாதிரி இருந்தால் உங்களுக்கு விற்றது சாயக் கண்ணாடி.

மூன்றாவது: ஃபோகஸ் தடுமாறுகிறது, எக்ஸ்போஷர் கன்னாபின்னா என்று மாறுகிறது, அதுவும் கண்ணாடி உள்ள டி.எஸ்.எல்.ஆரில். பழைய நேர்வகைப் போலரைசராக இருக்கலாம். டி.எஸ்.எல்.ஆரின் உள்ளே ஒளியைப் பங்கிடும் பாதிக் கண்ணாடிக்கு அது ஒத்துவராது. அதற்காகத்தான் பின்னால் கால்அலைத் தகடு சேர்த்த வட்டவகைப் போலரைசர், அதாவது சி.பி.எல். வந்தது. கண்டுபிடிக்க முகம் பார்க்கும் கண்ணாடி போதும். லென்ஸில் திருகும் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி ஃபில்டரைக் கண்ணருகே பிடித்து, அதன் வழியாகவே கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தைப் பாருங்கள். கறுத்துப்போயிருந்தால் சி.பி.எல். திருப்பிப் பிடித்தால் வெளிச்சமாக இருக்கும். இரண்டு பக்கமும் வெளிச்சமாகவே தெரிந்தால் நேர்வகை. மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவருக்கு அந்தப் பாதிக் கண்ணாடி இல்லை. தாத்தா பெட்டியில் கிடக்கும் நேர்வகையைத் தயங்காமல் மாட்டலாம்.

வானம் திட்டுத் திட்டாக, நடுவில் கருநீலமும் ஓரத்தில் வெளிர்நீலமுமாக வருகிறதா? ஃபில்டர் மேல் குற்றமில்லை. 24 மி.மீ. போன்ற அகலக் கோணத்தில் வானத்தின் பெரும்பகுதி ஒரே சட்டகத்தில் விழுகிறது, 90 பாகைப் பட்டை அதில் ஒரு துண்டு. நம் ஊர் உச்சிவெயிலில் சூரியன் தலைக்குமேல் இருக்கும்போது அந்தப் பட்டை அடிவானத்தைச் சுற்றிச் சமமாக விழும், திட்டு குறையும். காலை மாலையில் போலரைசரைக் கால்வாசி மட்டும் சுழற்றி நிறுத்துங்கள்.

சுழற்றி வைத்த வானம் ஷட்டரை அழுத்துவதற்குள் வெளுத்துவிடுகிறது என்றால், உங்கள் லென்ஸின் முன்பகுதி ஃபோகஸோடு சேர்ந்து சுழல்கிறது. பழைய கிட் லென்ஸ்கள் பல அப்படித்தான். முதலில் ஃபோகஸ், பிறகு போலரைசர். சுழற்றும்போது எப்போதும் இறுகும் திசையிலேயே சுழற்றுங்கள். எதிர்த்திசையில் சுழற்றிச் சுழற்றி, குளத்துக்குள் தன் போலரைசர் முங்கி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

என்.டி. போட்டால் நிறமே மாறிவிடுகிறது

படம் முழுக்க ஒரே அளவு மஞ்சளோ நீலமோ ஏறியிருந்தால் கவலை இல்லை. ஃபில்டரை மாட்டியபடியே வெள்ளைத் தாளை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் சரியாகும். கறுப்புத் துணி, நிழல், தலைமுடி மட்டும் செம்பழுப்பாக, மற்ற நிறங்கள் சரியாக இருந்தால் நோய் வேறு: அகச்சிவப்புக் கசிவு. அடர்த்தியான என்.டி. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. அகச்சிவப்பை அப்படிக் குறைக்காமல் விட்டுவிடுகிறது. சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடி ஏற்கெனவே இருக்கிறது என்றாலும், ஷட்டர் அரை நிமிடம் திறந்திருக்கும்போது அதையும் மீறி வந்து சேர்ந்துவிடும். கணினியில் இதைத் திருத்த முயன்றால் ஒரு நிறத்தைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும். அகச்சிவப்பையும் சேர்த்துத் தடுக்கும் ஐ.ஆர்.என்.டி. என்று கேட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் அளவையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒளி பாதியாகக் குறைவது ஒரு ஸ்டாப். ஒரே கண்ணாடிக்கு மூன்று பெயர்: என்.டி. 8 என்பதும் 0.9 என்பதும் 3 ஸ்டாப் என்பதும் ஒன்றே. என்.டி. 64 என்றால் 1.8, 6 ஸ்டாப். என்.டி. 1000 என்றால் 3.0, 10 ஸ்டாப். ஃபில்டர் இல்லாமல் முப்பதில் ஒரு விநாடி போதுமென்றால், இதைப் போட்டதும் 34 விநாடி. குற்றாலத்து அருவியைப் பட்டுநூலாக எடுக்க ஆசைப்படுபவருக்கு என்.டி. 1000 தேவையே இல்லை. மரநிழலில் அரை விநாடி, ஒரு விநாடிக்கு என்.டி. 8 அல்லது போலரைசரே போதும்; போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை விழுங்கும். கடலைப் பனிமூட்டமாக்க வேண்டுமென்றால்தான் பத்து ஸ்டாப்.

படத்தின் நடுவில் பெருக்கல் குறிபோல் இருட்டு விழுந்தால், சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் மாறு என்.டி.யை எல்லை வரை திருகிவிட்டீர்கள். அதற்குள் இருப்பது இரண்டு போலரைசர்கள். அகலக் கோணத்தில் அந்தக் குறி சீக்கிரமே எட்டிப்பார்க்கும். வீடியோவுக்கு மாறு என்.டி. வசதி, நிழற்படத்துக்கு நிலையான என்.டி.யே மேல்.

நீண்ட எக்ஸ்போஷரில் குறுக்கே ஊதாக் கீற்று தெரிந்தால் டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் வழியாக வெயில் புகுந்திருக்கிறது, கறுப்புத் துணியால் மூடுங்கள். ஃபோகஸ் பிடிக்காவிட்டால் ஃபில்டரைப் போடுமுன் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

சூரிய கிரகணத்துக்கு என்.டி. உதவாது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தன்று என்.டி. 1000 மாட்டி வியூஃபைண்டரில் கண் வைக்கப் போனவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. சூரிய ஃபில்டர் ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும், அகச்சிவப்பையும் தடுக்கும். என்.டி. 1000 இரண்டையும் செய்யாது.

முகங்களில் லேசான இளஞ்சிவப்பு

பழைய ஸ்கைலைட் ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் நிழலின் நீலத்தை ஈடுகட்ட அந்தச் சாயம். வெள்ளைத் தாளின்மேல் வைத்தாலே தெரிந்துவிடும். கழற்றி நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். யு.வி. ஃபில்டரும் ஃபிலிம் காலத்துத் தேவைதான்; இன்றைய சென்சாருக்கு முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆகவே யு.வி.யா, வெறும் பாதுகாப்புக் கண்ணாடியா என்று குழம்ப வேண்டாம். பூச்சு நன்றாக இருப்பதில் விலை குறைந்ததை வாங்குங்கள்.

அந்தப் பாதுகாப்பு தேவையா என்பதற்கு இடம்தான் பதில் சொல்லும். தனுஷ்கோடியின் உப்புக்காற்று மணல், அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதி, இங்கெல்லாம் மாட்டாமல் நான் போக மாட்டேன். கேனனின் 17-40 எஃப் 4, 16-35 எஃப் 2.8 போன்ற சில லென்ஸ்கள் முன்னால் ஃபில்டர் இருந்தால்தான் தூசுக்கும் ஈரத்துக்கும் முழுக் காப்பு. கீழே விழுந்தால் காப்பாற்றும் என்று நம்பி மாட்டுவது வேறு கதை. ஃபில்டர் கண்ணாடி லென்ஸின் முன்கண்ணாடியைவிட மிக மெல்லியது, லென்ஸுக்கு ஒன்றும் ஆகாத அடியிலும் அது உடையும்.

வெளியே வந்ததும் பனி படர்கிறது

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ கடற்கரைக்கு இறங்கினால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். முன்முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பீர்கள், படிந்திருப்பது பின்முகத்திலும்தான். அங்கேயே ஃபில்டரைத் திறந்தால் ஈரக்காற்று லென்ஸின் முகத்திலும் படியும். கிளம்பும்போதே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, வெளியே வந்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். ஈரம் பையின்மேல் படியும். சூரிய உதயத்துக்குப் போகிறவர்கள் அந்த அரை மணியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

கழற்ற வரவில்லை

முழுப் பலத்தையும் இரண்டு விரலில் கொடுத்து வளையத்தை நெரிக்கிறீர்கள்; வட்டம் முட்டையாகி, மரை இன்னும் கெட்டியாகக் கவ்விக்கொள்கிறது. விசை சுற்றிலும் சமமாக விழ வேண்டும். அகலமான ரப்பர் பட்டையை வளையத்தைச் சுற்றிப் போட்டு, விரல் எல்லாவற்றாலும் லேசாகப் பிடித்துத் திருகுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கழுவித் துடைத்த ரப்பர் செருப்பின் தட்டையான அடிப்பாகத்தை வளையத்தின் விளிம்பில் சமமாக வைத்து, கண்ணாடியில் அழுந்தாமல், மெதுவாகத் திருப்புங்கள். பார்க்க அபசாரமாக இருக்கும், வேலை நடக்கும்.

அலுமினிய வளையங்கள்தான் அதிகம் சிக்கும். பித்தளை வளையம் விலை கூடுதல், ஆனால் அலுமினிய மரையோடு ஒட்டிக்கொள்வது குறைவு. மாட்டும்போதே சரியாக மாட்டினால் இந்தத் தொல்லையில் பாதி இல்லை. லென்ஸை மேல்நோக்கிப் பிடித்து, ஃபில்டரை வைத்து, முதலில் கழற்றும் திசையில் திருப்புங்கள். மரை மரையில் விழும் சிறு டக் சத்தம் கேட்டதும் திசையை மாற்றி இறுக்குங்கள். நின்றதும் விட்டுவிடுங்கள்.

விழுந்து வளையம் நசுங்கியிருந்தால் குறடு எடுக்காதீர்கள். வட்டத்தை உள்ளிருந்து விரித்து நிமிர்த்தும் கருவி பழுதுபார்ப்பவரிடம் இருக்கும். கண்ணாடியும் உடைந்திருந்தால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, சில்லுகள் தாமாகக் கீழே உதிரும்படி ஊதுபந்தால் ஊதுங்கள். கடைசிச் சில்லும் போகும்வரை துணி பக்கத்திலேயே வரக் கூடாது.